கழுத்துக்கு விட்ட அரை விரல்

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. டெய்லரம்மாவின் கார் பச்சை நிறம் என்று என் மனம் சொல்கிறது. அதில் பல வருஷம் ஏறி இறங்கிய அவளுடைய மகளோ, சாம்பல் நிறம் என்று சாதிக்கிறாள். அந்த வெள்ளிக்கிழமை மழை தூறியதா இல்லையா என்பதிலும் ஆளுக்கொரு பேச்சு. ஆனால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இழுவை வண்டி வந்து சந்தில் நின்றபோது டெய்லரம்மா காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு மற்றதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

அவளுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. எல்லோருக்கும் அவள் டெய்லரம்மா. கடைத்தெருவின் கடைசியில் இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டுமேஜை, ஓரம் கறுத்த ஆளுயரக் கண்ணாடி, இவ்வளவுதான் கடை. ஆனால் வேலை கடையில் இல்லை, வெளியில் இருந்தது. ஆஸ்பத்திரி நர்சுகள், ஹோட்டல் பணியாளர்கள், தொழிற்சாலைக் காவலர்கள் என்று சீருடை போடுகிறவர்கள் எல்லோருக்கும் அவள்தான் தைத்தாள். அவர்கள் கடையைத் தேடி வரமாட்டார்கள். இவள்தான் காரை எடுத்துக்கொண்டு போய் அளவெடுத்து, துணி காட்டி, தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்து, இடுப்பில் இறுக்குகிறது என்று சொன்னால் அங்கேயே பிரித்துவிட்டு வருவாள். இருபத்தாறு வருஷப் பழைய கார். பின்சீட்டை எப்போதோ கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் துணிச் சுருள்களை அடுக்கியிருந்தாள். கார் நின்றால் கடை நிற்கும். இது அவளுக்கும் தெரியும், அவளைச் சுற்றியிருந்தவர்களுக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரி வாசல் சிக்னலில் கார் கொதித்து நின்றது. பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியதும் பின்னால் நின்றவர்கள் ஹாரனை அழுத்தித் தள்ளினார்கள். அவள் இறங்கி, கதவை ஓங்கிச் சாத்தி, அவர்களைப் பார்த்து ஒரு முறை முறைத்துவிட்டு, தெரிந்த வேன்காரனைப் பிடித்துக் கயிறு கட்டி ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த ஒர்க்‌ஷாப்காரனுக்கு டாக்டர் என்று பெயர். நோயைக் குணப்படுத்துவதால் அல்ல, பார்த்தவுடன் ஆள் தேறாது என்று கையை விரித்துவிடுவதால் வந்த பெயர். பானெட்டைத் தூக்கினான். உதட்டைப் பிதுக்கினான். பானெட்டைச் சாத்தினான்.

"இஞ்சின் ஹெட்டு போயிடுச்சுக்கா."

"தெறந்து பாத்தியா?"

"பாக்கணுமா என்ன? மொகத்தப் பாத்தாலே தெரியுது. இனி இஞ்சினத் தொட்டா நமக்குத்தான் பாவம்."

"முன்னாடி சொட்டுதே, பெல்ட்டுக்குப் பின்னாடி. அது என்ன?"

"எங்கயோ சொட்டும். வயசானா எல்லாந்தான் சொட்டும்க்கா."

பக்கத்தில் டயர் மாட்டிக்கொண்டிருந்தவனும், வெறுமனே உட்கார்ந்திருந்தவனும் சிரித்தார்கள். அவளும் ஒரு நொடி சிரித்ததாகச் சொல்வார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடி பானெட்டைத் தூக்கினாள். குனிந்து, சொட்டுகிற இடத்தில் விரலை வைத்து, நாக்கில் தொடாமல் மோந்து பார்த்தாள். ரேடியேட்டர் தண்ணீர்.

"இது பம்பு தானே?"

"பம்பும் போயிருக்கும். ஆளே போனப்புறம் மூக்கு ஒழுகுதுன்னு மருந்து போடுவாங்களா? உள்ள எல்லாம் பிரிச்சு மேயணும். இது பிளவுஸ் இல்லக்கா, பிரிச்சு ஒரு தையல் போட்டுக் குடுக்க."

"கயிறக் கட்டு," என்றாள் அவள் வேன்காரனிடம். "வீட்டுக்கு இழு."

டாக்டருக்கு வாய் சும்மா இருக்காது. அன்று சாயங்காலமே அவளுடைய மருமகனுக்கு போன் போட்டுவிட்டான்.

மருமகன் கெட்டவன் இல்லை. அதுதான் சிக்கல். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. சட்டை கசங்காது, குரல் உயராது. மாமியாரை அத்தை, அத்தை என்று அன்பாகக் கூப்பிட்டுக்கொண்டே, அவளைப் பற்றிய முடிவுகளை அவளுக்கு முன்னாலேயே எடுத்துவிடுவான். புதன்கிழமை மகளுடன் வந்தான். மாமனார் எதிரில் உட்கார்ந்து பேச்சை ஆரம்பித்தான். அவள் தேநீர் போட்டுக் கொண்டுவருவதற்குள் மேஜைமேல், காரைப் பழைய இரும்புக்குக் கொடுக்கச் சம்மதம் என்ற தாள் ஒன்று இருந்தது. தாளின் அடியில் அவளுடைய கணவரின் கையெழுத்து ஈரம்கூடக் காயாமல் இருந்தது. கார் அவர் பெயரில்தான் பதிவாகியிருந்தது. வாங்கியது அவள், ஓட்டியதும் அவள். பெயர் மட்டும் அவருடையது. அன்றைக்கு ஏதோ ஒரு சௌகரியத்துக்காக அப்படிச் செய்தார்கள். காரணம் இருவருக்கும் மறந்துபோய் விட்டது.

"சனிக்கிழமை பத்து மணிக்கு இழுவை வண்டி வரும் அத்தை. நேரா காயலாங்கடைக்குப் போயிடும். நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம்."

"அப்புறம் கடை?"

"அதான் நாங்களும் யோசிச்சோம்," என்றாள் மகள், தம்ளரைப் பார்த்துக்கொண்டே. "எங்க வீட்டுல மேல் ரூம் சும்மாத்தானே கெடக்கு. ரெண்டு பேரும் வந்துடுங்க. இன்னும் எவ்வளவு நாள்மா ஊரெல்லாம் அலைவே?"

"யோசிச்சீங்களா? எப்ப?"

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"சனிக்கிழமை பத்து மணிக்குள்ள வண்டி ஓடிச்சுன்னா?"

"ஓடாது அத்தை. மெக்கானிக்கே சொல்லிட்டான்."

"ஓடிச்சுன்னா?"

மருமகன் சிரித்தான். குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்பது மாதிரி. "ஓடிச்சுன்னா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"கடையப் பத்தியும்?"

சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. மாமனாரைப் பார்த்தான். மாமனார் ஜன்னலைப் பார்த்தார். "சரி. கடையப் பத்தியும்."

"மேல் ரூமப் பத்தியும்?"

"அம்மா!" என்றாள் மகள்.

"நீ சும்மா இருடி. மாப்பிள்ளை சொல்லட்டும்."

"மேல் ரூமப் பத்தியும்," என்றான் அவன். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அவர்கள் போன பிறகு அவள் தம்ளர்களைக் கழுவி வைத்தாள். அவளுடைய கணவர் முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். நாள் முழுக்க மனிதர்களைச் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டதிலேயே அவருக்குப் பேச்செல்லாம் தீர்ந்துவிட்டது போலும். ஓய்வு பெற்றபின் ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். அந்த மௌனத்தோடு அவள் சண்டை போட்டதில்லை. அதற்குள் உட்கார்ந்து பட்டன் தைத்திருக்கிறாள், காய் நறுக்கியிருக்கிறாள், சில சமயம் அழுதும் இருக்கிறாள். அன்று மட்டும் அதைப் பொறுக்க முடியவில்லை.

"ஏன் போட்டீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"பயம்."

"எதுக்கு?"

"நீ நடுரோட்டுல நிக்கிறதுக்கு."

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். அதில் பொய் இல்லை என்பது தெரிந்தது. பொய் இல்லாததாலேயே கோபம் இன்னும் ஏறியது. சிக்னலில் நின்றவள் அவள். ஹாரன் அடித்தவர்களை முறைத்தவள் அவள். பயம் மட்டும் அவருக்காம்.

"நான் நின்னேன்," என்றாள். "நின்னா ஒண்ணும் ஆகல."

வியாழக்கிழமை கடையைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு சந்து. ஒரு பக்கம் அவர்கள் வீட்டுச் சுவர், மறுபக்கம் பக்கத்துவீட்டுத் தண்ணீர்க் குழாய்கள். அங்கே கார் நின்றது. காரோடு வந்த கையேட்டில் எழுத்து வேறு மொழியில் இருந்தது. அவள் எழுத்தைப் படிக்கவில்லை, படத்தைப் படித்தாள். நாற்பது வருஷமாக அவள் அதைத்தானே செய்கிறாள். எந்த உடுப்பையும் உள்பக்கம் வெளியே திருப்பிப் பார்த்தால் அது எப்படிச் சேர்ந்ததோ அப்படியே பிரியும். இஞ்சின் என்பது உள்பக்கத்தை உள்ளேயே வைத்துத் தைத்த ஒரு கோட்டு. எங்கே பிரிக்க வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பழைய படுக்கை விரிப்பு ஒன்றைத் தரையில் விரித்தாள். தண்ணீரை ஒரு தொட்டியில் வடித்தாள். டைனமோவின் போல்ட்டைத் தளர்த்தியதும் ஃபேன் பெல்ட் தொளதொளவென்று கையோடு வந்தது. பிறகு ஃபேன். அதற்குப் பின்னால், இஞ்சினின் நெற்றியில் ஒட்டவைத்த மாதிரி, பம்ப். கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே விரிப்பில் வைத்து, தையல் சாக்குக்கட்டியால் அதைச் சுற்றிக் கோடு வரைந்து நம்பர் போட்டாள். நீள போல்ட் எது, குட்டை போல்ட் எது, எது எந்தத் துளைக்கு என்று எல்லாம் விரிப்பிலேயே இருந்தது. அம்பு போட்டாள். ஒரு இடத்தில் 'இது முரண்டு பிடிக்கும்' என்று எழுதியும் வைத்தாள்.

பக்கத்துவீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "என்ன டெய்லரம்மா, சட்டை தைக்கிறீங்களா வண்டிக்கு?"

"ஆமா. அளவெடுத்துட்டு இருக்கேன். உனக்கும் ஒண்ணு எடுக்கட்டுமா?"

பம்பைக் கையில் பிடித்து அதன் தண்டை ஆட்டிப் பார்த்தாள். பால் பல் ஆடுவது போல ஆடியது. அந்த ஆட்டத்தைப் பார்த்ததும் அவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வது? நோய் எங்கே இருக்கிறது என்று அவளே தொட்டுப் பார்த்துவிட்டாள். ஹெட்டும் இல்லை, பாவமும் இல்லை. ஒரு தண்டு ஆடுகிறது, அதன் வழியாகத் தண்ணீர் ஒழுகுகிறது, ஒழுகியதால் சூடு ஏறியது. இவ்வளவுதான். தண்டை இன்னொரு முறை ஆட்டினாள். இன்னொரு முறை. உள்ளே போய்க் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டி ஆட்டிக் காட்டினாள். அவர் பேப்பரை இறக்கிப் பார்த்துவிட்டு, "ஆடுது," என்றார்.

"ஆடுதுல்ல?"

"ஆடுது."

பம்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் பழைய உதிரிபாகக் கடைக்குப் போனாள். கடைக்காரர் கூரை வரை அடுக்கியிருந்த இரும்புக்குள் கையை விட்டு, அரைமணி நேரம் துழாவி, அதே மாதிரி ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார்.

"பம்பு இருக்கு. கேஸ்கட் கெடைக்காதும்மா. ஒட்டுற ரெண்டு முகத்துக்கும் நடுவுல தண்ணி கசியாம ஒரு தாள் வைக்கணும்ல, அது. இந்த மாடலுக்கு வர்றதே நின்னுபோச்சு. கேஸ்கட் தாள் தர்றேன், நீங்களே வெட்டிக்கணும்." அவளை மேலும் கீழும் பார்த்தார். "வெட்ட வருமா?"

வாழ்க்கையில் அவளை யாரும் அப்படி அவமானப்படுத்தியதில்லை. யாரும் அவ்வளவு சந்தோஷப்படுத்தியதும் இல்லை.

"முயற்சி பண்றேன்," என்றாள் அடக்கமாக.

அன்று மாலை கடைக்குப் போய் வெட்டுமேஜையில் தாளை விரித்து, பம்பின் முகத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவி அதன்மேல் அழுத்தி எடுத்தாள். அச்சு அசலாக விழுந்தது. வெளிவிளிம்பு, போல்ட் துளைகள், நடுவே தண்ணீர் போகிற வாய். பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். கை தானாக ஓடியது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. நாளைக்கு டாக்டரின் மூஞ்சி எப்படித் தொங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் எல்லாம் மாட்டியாகிவிட்டது. விரிப்பில் வெறும் சாக்குக்கோடுகள் மட்டும் மிஞ்சின. ஒரு போல்ட்கூட மீதமில்லை. சாவியைத் திருப்பினாள். இருமியது, உறுமியது, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. பம்புக்கு அடியில் கையை நீட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. கைகள் முழங்கை வரை கறுத்திருந்தன, நகங்களுக்குள் அழுக்கு. அந்தக் கைகளை முகத்துக்கு முன்னால் பிடித்து, யாருடைய கைகளோ என்று பார்ப்பது போலப் பார்த்தாள். நாற்பது வருஷமாக மற்றவர்கள் போட்டுக்கொண்டு போவதற்காகத் தைத்த கைகள். இன்றைக்குச் செய்தது அவளுக்கு.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினாள். நேரே டாக்டரின் ஒர்க்‌ஷாப் வழியாகத்தான் போக வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. இருந்தும் அந்த வழியாகத்தான் போனாள்.

ஒர்க்‌ஷாப் வாசலுக்கு நூறு அடி இருக்கும்போது சூடு காட்டும் முள் நடுவைத் தாண்டியது. ஐம்பது அடியில் சிவப்பைத் தொட்டது. வாசலுக்கு நேர் எதிரே, வேறு வழியில்லாமல், அவள் இஞ்சினை அணைத்தாள்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். ஜன்னலில் குனிந்தான்.

"பொணத்துக்குப் பவுடர் போட்டா எழுந்து நடக்குமாக்கா?"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். டயர்காரன் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டினாள். இஞ்சின் ஆறியதும் முள்ளின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தாள். கணவர் வாசலில் நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பாள். கேட்காததால் கத்த முடியவில்லை.

சொட்டவில்லை. பெல்ட் இறுக்கமாக இருக்கிறது. தண்ணீர் நிரம்பியிருக்கிறது. பிறகு ஏன் சூடு ஏறுகிறது? டாக்டர் சொன்னதுதான் உண்மையோ? உள்ளே ஏதோ உண்மையிலேயே போய்விட்டதோ? இந்த நினைப்பு வந்ததும் அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். மேல் அறை கண்முன் வந்தது. சுத்தமான அறைதான். ஜன்னல்கூட உண்டு. அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து, மகள் கொண்டுவந்து தருகிற தேநீரை வாங்கிக் குடித்துக்கொண்டு, பேரப்பிள்ளைகளின் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டு, எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு.

கடைக்குப் போனாள். திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய நர்ஸ் உடுப்பு ஒன்று வெட்டாமல் கிடந்தது. கைக்கு ஒரு வேலை வேண்டுமே. துணியை மடித்துப் போட்டாள். தோள், கை, அக்குள் என்று சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். கழுத்து வளைவை வரைந்தாள். கத்தரிக்கோலை எடுத்து, வரைந்த கோட்டுக்கு உள்ளே, அரை விரல் தள்ளி, கழுத்தை வெட்ட ஆரம்பித்தாள்.

பாதி வளைவில் கை நின்றது.

கழுத்தைக் கோட்டிலேயே வெட்டினால் மடித்துத் தைக்கும்போது அகலமாகிவிடும். அதனால் எந்தத் தையல்காரியும் கழுத்தைச் சின்னதாகத்தான் வெட்டுவாள். தையலுக்கு அரை விரல் உள்ளே விடுவாள். நினைத்துச் செய்வது இல்லை அது. கை செய்வது.

பம்பின் தாளில் தண்ணீர் போகிற வாய் ஒரு கழுத்து.

வியாழக்கிழமை மீந்த துண்டுகள் மேஜைக்கு அடியில் கூடையில் கிடந்தன. நடுவாயிலிருந்து வெட்டி எடுத்த துண்டைத் தேடி எடுத்து, கழற்றி வைத்திருந்த பழைய பம்பின் வாய்மேல் வைத்தாள். சுற்றிலும் அரை விரல் குறைந்தது. பிசகில்லாமல், எல்லாப் பக்கமும் ஒரே அளவு. அவ்வளவு நேர்த்தியாக வெட்டியிருந்தாள். அந்த அரை விரல் தாள் இப்போது தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு, நனைந்து மடங்கி, வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. இஞ்சின் போகவில்லை. அதன் தொண்டையில் அவளே ஒரு தையல் போட்டுவிட்டாள்.

தனியாக இருந்த கடையில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். தப்பு அவளுடையது. இதைவிட நல்ல செய்தி அன்றைக்கு வேறு என்ன இருக்க முடியும்? தன் தப்பு என்றால் தானே சரிசெய்யலாம்.

மீதித் தாளில் மறுபடி அச்செடுத்தாள். இந்த முறை உதட்டைக் கடித்துக்கொண்டு, கோட்டின்மேலேயே வெட்டினாள். கை நான்கு தடவை உள்ளே போகப் பார்த்தது. நான்கு தடவையும் இழுத்துப் பிடித்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும் விரிப்பை மறுபடி விரித்தாள். முதல் நாள் உற்சாகத்தில் அளவுக்கு மேல் இறுக்கிய போல்ட் ஒன்று தலை மழுங்கி, அசைய மறுத்தது. அதற்கே இரண்டு மணி நேரம் போனது. சுத்தியால் தட்டினாள், எண்ணெய் விட்டாள், அரத்தால் அதன் தலையைத் தேய்த்து ஸ்பேனர் பிடிக்கும்படி செய்தாள், வாயில் வந்ததையெல்லாம் சொல்லி வைதாள். எட்டரைக்கு அது அசைந்தது. பழைய தாளை உரித்தெடுத்தபோது அதன் உள்விளிம்பு ஊறிப்போய் நாக்குப் போலத் தொங்கியது.

பத்து மணிக்கு இழுவை வண்டி சந்தில் நுழைந்தது. பின்னாலேயே மருமகனும் மகளும். அவள் காருக்கு அடியில் கிடந்தாள். கீழிருந்து இறுக்க வேண்டிய கடைசி இரண்டு போல்ட்டுகள் பாக்கி.

"அத்தை, மணி பத்து."

"கேக்குது மாப்பிள்ளை."

"நேத்து என்ன ஆச்சுன்னு மெக்கானிக் சொன்னான்."

"அவன் எதத்தான் சொல்லாம விட்டான்?"

"அம்மா, எழுந்து வாயேன், எல்லாரும் பாக்குறாங்க," என்றாள் மகள். உண்மைதான். பக்கத்துவீட்டுக்காரி சுவரில் முழங்கையை ஊன்றி, படம் பார்க்கிறவள் மாதிரி நின்றாள்.

"பாக்கட்டும். டிக்கெட்டா கேட்டேன்?"

இழுவை வண்டிக்காரன் கொக்கியை எடுத்துக்கொண்டு வந்தவன், காருக்கு அடியிலிருந்து நீண்ட இரண்டு கால்களைப் பார்த்ததும் நின்றுவிட்டான். "ஆளோட சேத்துத் தூக்கச் சொல்லி எங்கிட்ட யாரும் சொல்லலியே," என்றான்.

"கையெழுத்து இருக்கு. நீங்க கொக்கிய மாட்டுங்க," என்றான் மருமகன். அவன் குரல் உயர்ந்ததை அன்றுதான் எல்லோரும் முதல்முறை கேட்டார்கள்.

அப்போது கணவர் படியிறங்கி வந்தார். கையில் தண்ணீர் நிரம்பிய வாளி. நடந்து வந்து காருக்கும் கொக்கிக்கும் நடுவில் வாளியை வைத்தார். வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

"மாமா, நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். இழுவை வண்டிக்காரன்கூடப் பொறுமையாகக் காத்திருந்தான்.

"போட்டேன்," என்றார். "தப்பு. ரேடியேட்டருக்குத் தண்ணி வேணும்ல, அதான் கொண்டுவந்தேன்."

அவள் அடியிலிருந்து வெளியே வந்தாள். கணவரைப் பார்த்தாள். வாளியைத் தூக்கி நிதானமாகத் தண்ணீரை ஊற்றினாள். குமிழி அடங்கும் வரை காத்திருந்து, மறுபடி ஊற்றினாள். மூடியைத் திருகினாள். சாவியைத் திருப்பினாள். கார் ஓடியது.

"நேத்தும் ஓடிச்சு," என்றான் மருமகன்.

"ஆமா. ஏறுங்க."

"எங்க?"

"மேட்டு ரோட்டுல, தண்ணித்தொட்டி வரைக்கும். இந்த ஊருல அதவிடச் செங்குத்து இல்ல. வழியில கொதிச்சா நானே எறங்கி அந்தக் கொக்கிய மாட்டறேன்."

"என் சட்டை..."

"புதுசு தச்சுத் தர்றேன். ஏறுங்க மாப்பிள்ளை."

அவன் ஏறினான். இழுவை வண்டிக்காரன், "எப்படியும் காலியாத்தான் திரும்பணும், பின்னாடியே வர்றேன், யாரு ஜெயிச்சாலும் பரவாயில்ல," என்று சொல்லிவிட்டுத் தன் வண்டியில் தாவினான்.

ஏற்றம் முழுக்க இருவரும் முள்ளைத்தான் பார்த்தார்கள். அது ஏறியது. நடுவுக்கு வந்தது. நடுவிலேயே நின்றது. தொட்டிக்கு முன்னால் இருக்கிற கடைசி வளைவில் இரண்டாவது கியர் போட்டாள். இஞ்சின் முனகியது. முள் அசையவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் அணைக்காமல் ஓடவிட்டே நிறுத்தினாள். நின்றபடி ஓடும்போதுதான் சூடு அதிகம் ஏறும். இப்போது அது அவளுக்குத் தெரியும். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். பின்னால் இழுவை வண்டிக்காரன் இறங்கி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான். கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது. ஆஸ்பத்திரி, ஹோட்டல், தொழிற்சாலையின் புகைபோக்கி. அவளிடம் அளவு கொடுத்தவர்கள் எல்லோரும் அங்கேதான் எங்கோ நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

மருமகன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தான். மறுபடி மடித்தான். அவள் மடியில் வைத்தான்.

"நான் சொன்னதுல என்ன தப்பு அத்தை? உங்க நல்லதுக்குத்தானே சொன்னேன்?"

"சொன்னது தப்பில்ல மாப்பிள்ளை. என்னக் கேக்காம சொன்னீங்க. அதுதான்."

அவன் கண்ணாடி வழியே பானெட்டைப் பார்த்தான். பிறகு, "எங்க சொட்டிச்சு?" என்று கேட்டான். அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு அந்தக் கார் ஒன்பது வருஷம் ஓடியது. அந்தப் பம்பு ஆறு வருஷம் தாங்கியது. இரண்டாவது பம்பையும் அவள்தான் மாட்டினாள். அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்த வருஷம், தன் கையாலேயே போன் செய்து அதைக் காயலாங்கடைக்கு அனுப்பிவிட்டு, இன்னொரு பழைய கார் வாங்கினாள். இந்த முறை தன் பெயரில். கடையை எழுபத்தொரு வயதில் மூடினாள். மேல் அறைக்குப் போகவில்லை. கணவர் அவளுக்கு முன்பே, ஒரு மத்தியானத் தூக்கத்தில் போய்விட்டார். மருமகன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனான், மாமியாரிடம் மாதம் ஒருமுறை போனில் பேசுகிறான். மகள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. இழுவை வண்டிக்காரன் அந்தத் தொழிலை விட்டுவிட்டுக் கோழிப்பண்ணை வைத்தான். டாக்டரின் ஒர்க்‌ஷாப் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது, அவனும் பார்த்தவுடனேயே கையை விரித்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறான்.